8,000 டன்னுக்குள்ள நல்ல கவசம் + நிறைய ஏஏ கன் (விமான எதிர்ப்பு கன்) உள்ள லைட் க்ரூசர், கணக்கு இடிக்குது, எங்க தப்பு பண்றேன்?

கடல்நாரை:

ரெண்டு வாரமா ஒரு கற்பனைக் கப்பலைப் பிடிச்சு உருட்டிட்டு இருக்கேன், வேலைக்கு ஆகல, அதான் இங்க வந்தேன். கதை இதுதான். 1937ல ஒரு நடுத்தர கடற்படை லைட் க்ரூசர் கட்ட முடிவு பண்ணுது. 1936ல போட்ட ரெண்டாவது லண்டன் ஒப்பந்தப்படி 8,000 டன்னுக்கு மேல போகக் கூடாது, கன் 6.1 இன்ச்சுக்கு மேல கூடாது. ஆனா இன்னும் நாலு வருஷத்துல என்ன நடக்கப் போகுதுன்னு இவங்களுக்கு மட்டும் கொஞ்சம் வாசனை அடிச்சிடுச்சுன்னு வெச்சுக்கங்க, அதாவது க்ரூசரை முழுக வைக்கப் போறது இன்னொரு க்ரூசர் இல்ல, தலைக்கு மேல இருந்து பாயற டைவ் பாம்பர்னு. எம்டன் காலத்துல கப்பல்காரன் அண்ணாந்து பாக்கவே வேண்டியதில்ல, இங்க அண்ணாந்து பாக்கறதுதான் முழு நேர வேலை.

பிரிட்டிஷ் ஃபிஜி கிளாஸை அடிப்படையா எடுத்துக்கிட்டேன். நீளம் 170 மீட்டர் பக்கம், அகலம் 18 மீட்டர், நாலு ட்ரிபிள் டரெட்ல (சுழலற கன் கூடு) மொத்தம் 12 ஆறு இன்ச் கன். சைடு பெல்ட் (பக்கவாட்டுக் கவசம்) 125 மி.மீ., டெக் கவசம் முழுக்க 75 மி.மீ., ஆறு ட்வின் மவுண்ட்ல 12 நாலு இன்ச் கன், நாலு குவாட் போஃபர்ஸ் (நாலு பேரல் 40 மி.மீ. ஏஏ கன்), எட்டு ஓர்லிகான் (20 மி.மீ. ஏஏ கன்), ஆறு டார்பிடோ ட்யூப், விமானத்தை எறியற கேட்டபுல்ட் ஒண்ணு, ரெண்டு கடல் விமானம், 80,000 குதிரைசக்தி, 33 நாட். இதை ஸ்பிரிங்ஷார்ப்ங்கற கப்பல் டிசைன் சாஃப்ட்வேர்ல போட்டா 9,100 டன் காட்டுது, ஸ்டெபிலிட்டி மோசம்னு எச்சரிக்கை வேற. ஏஏ கன்னைக் குறைச்சா கப்பல் நேரா நிக்குது, கவசத்தைக் குறைச்சா டன் கணக்கு சரியாகுது, ஆனா இந்த ரெண்டும்தானே நான் கூட்டணும்னு ஆரம்பிச்சதே. எதைத் தியாகம் பண்றது? பெல்ட்டா, டெக்கா, வேகமா?


பழைய_டர்பைன்:

தம்பி, முதல்ல ஒண்ணு, அந்த சாஃப்ட்வேர் சொல்ற ஒட்டுமொத்த நம்பரை மட்டும் பாத்துட்டு இருந்தா எங்க இடிக்குதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பேப்பர் எடுங்க. ஸ்டீல் ஒரு கன மீட்டர் 7.85 டன். உங்க பெல்ட் 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம்னு வெச்சா ரெண்டு பக்கமும் சேர்த்து 125 மி.மீ.க்கு 785 டன். டெக் 100 மீட்டர், 17 மீட்டர் அகலம், 75 மி.மீ., அது 1,000 டன். ரெண்டும் சேந்து கிட்டத்தட்ட 1,800. இன்னும் டரெட் கவசம், பார்பெட் (டரெட்டுக்கு அடியில இருக்கற கவச உருளை), குறுக்குச் சுவர் எதுவும் போடவே இல்ல, அதுக்குள்ள கப்பல் எடையில அஞ்சுல ஒரு பங்கு காலி. இதே 8,000 டன்ல ஃபிஜி எவ்வளவு பெல்ட் வெச்சிருந்துச்சு தெரியுமா? மூணேகால், மூணரை இன்ச், அவ்வளவுதான். அதுக்கே அவங்க முழி பிதுங்கிடுச்சு.

இப்ப ஸ்டெபிலிட்டிக்கு வருவோம், எல்லாரும் சறுக்கற இடம் இது. எடை எவ்வளவுங்கறதை விட அது எங்க உக்காந்திருக்குங்கறதுதான் முக்கியம். டெக்கை 50ல இருந்து 75 ஆக்கறீங்கன்னா 334 டன் கூடுது, அது கப்பலோட ஈர்ப்பு மையத்துக்கு மேல சுமார் 2 மீட்டர்ல இருக்கும். 334ஐ ரெண்டால பெருக்கினா 668. நாலு குவாட் போஃபர்ஸ் மவுண்ட் ஒண்ணு 11 டன்னு பாத்தா வெறும் 44 டன்தானேன்னு தோணும், ஆனா அதுக்கு மேடை, மேலயே அடுக்கி வெக்கற ரெடி குண்டு, சின்ன டைரக்டர் (குறி கணக்குப் போட்டுச் சொல்ற கருவி), ஷீல்டு எல்லாம் சேத்தா 80 டன் வந்துடும், அது ஈர்ப்பு மையத்துக்கு 8 மீட்டர் மேல நிக்கும். 80ஐ எட்டால பெருக்குங்க, 640. அதாவது கப்பல் முழுக்க ஒரு இன்ச் டெக் கூட்டறதும் நாலு போஃபர்ஸ் ஏத்தறதும் கவுக்கற விஷயத்துல ஒரே தொல்லை. ஒவ்வொண்ணும் ஜி.எம்.ல ஏழு சென்டிமீட்டரைத் தின்னுடும் (ஜி.எம்.னா சாஞ்ச கப்பலைத் திரும்ப நிமுத்தற அந்த மெட்டாசென்ட்ரிக் ஹைட்). இந்த மாதிரி கப்பலுக்கு ஜி.எம். மொத்தமே ஒரு மீட்டர் பக்கம்தான், அதுல ரெண்டையும் ஏத்தினா ஏழுல ஒரு பங்கு அவுட்.

இன்னொண்ணு, நீங்க முழு எண்ணெயோட இருக்கற கண்டிஷன்ல பாக்கறீங்கன்னு நினைக்கிறேன். அது தப்பு. எண்ணெய் அடிவயித்துல இருக்கற வரைக்கும் அதுதான் உங்களை நிமுத்தி வெக்குது, எரிஞ்சு தீர்ந்த பிறகுதான் கப்பல் தலைகனம் பிடிச்சு ஆடும். 1944 டிசம்பர்ல பசிபிக் சூறாவளியில அமெரிக்க டிஸ்ட்ராயர் மூணு, ஹல், ஸ்பென்ஸ், மோனகன், கவிழ்ந்து போனதுக்கு எண்ணெய் தீர்ந்த டேங்க்கும் மேல ஏத்தின எக்ஸ்ட்ரா எடையும் பெரிய காரணம். ஜப்பான்காரன் இன்னும் பத்து வருஷம் முன்னாடியே பாடம் படிச்சான், 1934 மார்ச்ல தோமோசுருன்னு சின்ன டார்பிடோ போட், உடம்புக்கு மீறி ஆயுதம் ஏத்தி சும்மா பயிற்சியிலயே கவிழ்ந்துச்சு. அதுக்கப்புறம் இருந்த கப்பல் எல்லாத்தையும் திரும்ப கணக்குப் போட வேண்டியதா போச்சு.


போர்ட்ஹோல்:

டர்பைன் அண்ணன் எடையைச் சொல்லிட்டார், நான் ஏஏ பக்கம் மட்டும் பேசறேன். நண்பா உங்க லிஸ்ட்ல கன் இருக்கு, பேரலை எண்ணி வெச்சிருக்கீங்க, ஆனா டைரக்டர்னு ஒரு வார்த்தையைக் காணோம். விமானத்தைக் கண்டுபிடிச்சு, தூரம் அளந்து, அது எங்க போகும்னு முன்கூட்டி கணக்குப் போட்டு கன்னுக்குச் சொல்றவன் இல்லன்னா 12 நாலு இன்ச் கன்னும் சும்மா வானத்துல புகை விடும். ஒரு டைரக்டர்னா ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான். அமெரிக்கன் க்ளீவ்லாந்து கிளாஸ்ல 12 அஞ்சு இன்ச் கன்னுக்கு ரெண்டு எம்கே 37 டைரக்டர் வெச்சாங்க, முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பிரிட்டிஷ்காரங்களோட எச்.ஏ.சி.எஸ்.ங்கற ஏஏ குறி பாக்கற முறையில எதிரி விமானத்தோட வேகத்தை ஆள் கண்ணால பாத்து உத்தேசமா கொடுக்கணும், அங்கயே பாதி தப்பு உள்ள நுழைஞ்சிடும். அதனால நாலு இன்ச் மவுண்ட்ல ரெண்டைத் தூக்கிட்டு ஒரு டைரக்டர் கூட வெச்சா நிஜத்துல உங்க ஏஏ பலம் கூடும், குறையாது.

அடுத்தது எங்க வெக்கறது. டச்சுக்காரங்க டி ராய்ட்டர்னு ஒரு க்ரூசர், 1936ல சேர்ந்தது, அஞ்சு ட்வின் போஃபர்ஸ் மவுண்ட், அந்தக் காலத்துக்கு அது பிரமாதம், கண்ட்ரோலும் நல்லா இருந்துச்சு. ஆனா பத்து பேரலையும் கப்பலோட பின்பக்கத்துல ஒரே மேடையில கூட்டமா வெச்சுட்டாங்க. முன்னாடி இருந்து வர்றவனுக்கு ராஜபாட்டை. போதாததுக்கு ஒரே ஒரு குண்டு அங்க விழுந்தா மொத்தமும் அவுட். நீங்களும் வரைபடத்துல நாலு போஃபர்ஸையும் ரெண்டு புகைபோக்கிக்கு நடுவுல வெச்சிருப்பீங்கன்னு பந்தயம் கட்டறேன், எல்லாருமே அங்கதான் வெப்போம், இடம் அங்கதான் காலியா இருக்கும் 😄 ரெண்டை நடுவுல வெச்சு மத்த ரெண்டை பின் டரெட்டுக்கு மேல ஏத்துங்க, ஆனா ஆறு இன்ச் கன் சுடறப்ப வாய்லருந்து வர்ற காத்தழுத்தம் திறந்த மேடையில நிக்கறவனைத் தூக்கி அடிக்கும், அதுக்கும் ஷீல்டு போடணும், மறுபடி எடை.

குண்டு ஸ்டாக்கையும் யாரும் யோசிக்கறதில்ல. போஃபர்ஸ் ஒரு பேரல் நிமிஷத்துக்கு 120, நாலு பேரல்னா 480, முழு தோட்டா ஒண்ணு ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. விடாம ஒரு நிமிஷம் சுட்டா ஒரு மவுண்ட் ஒரு டன்னை விழுங்கும், அதை நாலு நாலா கிளிப் போட்டு கையால ஊட்டணும். நிஜத்துல அவ்வளவு வேகம் வராது, இருந்தாலும் அளவு புரியுதில்ல. 1941 மே 22ல கிரீட் தீவுப் பக்கம் இதே ஃபிஜிதான் நாள் பூரா விமானத்தோட சண்டை போட்டு நாலு இன்ச் குண்டு தீர்ந்து, சாயங்காலம் பாம் கட்டின மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஒண்ணு தனியா வந்து முடமாக்கிச்சு, கொஞ்ச நேரத்துல இன்னொரு விமானம் வந்து முடிச்சு வெச்சுது. அதோட கூட இருந்த க்ளூசெஸ்டரும் அதே நாள்ல போச்சு. எத்தனை கன்னுங்கறது அங்க பிரச்சனையே இல்ல, உள்ள எவ்வளவு மிச்சம்ங்கறதுதான்.


அகப்பை:

ஏன் எல்லாரும் ஆறு இன்ச்சையே கட்டிட்டு அழறீங்க? அட்லாண்டா கிளாஸ் பாருங்க, 16 அஞ்சு இன்ச் டூயல் பர்ப்பஸ் கன், கப்பலையும் சுடும் விமானத்தையும் சுடும், எட்டு ட்வின் மவுண்ட், 6,700 டன்தான். ஒரே வகை குண்டு, ஒரே வகை கன். முடிஞ்சது கதை. இதுக்கா ரெண்டு வாரம் தூங்கல?


பழைய_டர்பைன்:

அகப்பை, முடிஞ்சதுதான், 1942 நவம்பர் 13 ராத்திரி குவாடல்கனால் பக்கம் முடிஞ்சது. அட்லாண்டா, ஜூனோ ரெண்டும் அந்தச் சண்டையிலதான் அடி வாங்குச்சு. அட்லாண்டா அன்னிக்கே போச்சு, ஜூனோ காலையில நொண்டிக்கிட்டு திரும்பற வழியில சப்மரீன் டார்பிடோ வாங்கி வெடிச்சுது. விமானத்துக்கு எதிரா அது அருமையான கப்பல், மறுக்கல. ஆனா அஞ்சு இன்ச் குண்டு 25 கிலோ, பிரிட்டிஷ் ஆறு இன்ச் 51 கிலோ. ராத்திரி திடீர்னு எதிர்ல ஒரு க்ரூசர் வந்து நின்னா அந்த வித்தியாசம் தெரியும். அதுவும் இவர் கேட்டது லைட் க்ரூசர், மத்த கப்பலுக்குத் துணையா போற ஏஏ கப்பல் இல்ல.

பிரிட்டிஷ்காரங்க டைடோ கிளாஸ்ல இதே யோசனையை 5.25 இன்ச் கன்ல செஞ்சாங்க. குண்டு 36 கிலோ, அதை ஆள் தூக்கி வெக்கணும், கொஞ்ச நேரத்துல கை ஓஞ்சிடும், நிமிஷத்துக்கு ஏழு எட்டு ரவுண்டுக்கு மேல ஓடல. விமானத்துக்கு அது மெதுவு, கப்பலுக்கு அது சின்னது.

ஆறு இன்ச்லயே டூயல் பர்ப்பஸ், நல்ல தடிமனான டெக், ரெண்டும் வேணும்னு ஒருத்தன் நிஜமாவே பிடிவாதம் பிடிச்சு கட்டினான், அதுதான் அமெரிக்கன் வூஸ்டர் கிளாஸ். 12 ஆட்டோமேட்டிக் ஆறு இன்ச், டெக் மூணரை இன்ச். 1948ல தான் சேர்ந்துச்சு, எடை 14,700 டன். கடல்நாரை தம்பி ஆசையோட உண்மையான விலை அது.


கடல்நாரை:

அய்யோ 14,700ஆ. சரி, புரியுது. போர்ட்ஹோல் பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க, நாலும் புகைபோக்கி நடுவுலதான் வரைஞ்சிருந்தேன்.

அப்ப ஒரு டரெட்டை எடுத்தா? மனசு வரல, ஆனா கேக்கறேன். 12 கன்ல இருந்து 9. அது கோழைத்தனமா தெரியாதா, எதிரி 12, 15னு வெச்சிருக்கறப்ப?


போர்ட்ஹோல்:

கோழைத்தனம் இல்ல நண்பா, வரலாறே அதுதான். பிரிட்டிஷ்காரங்க யுத்தத்துக்கு நடுவுல பல க்ரூசர்ல பின்பக்க மேல் டரெட்டை, அவங்க எக்ஸ் டரெட்னு சொல்றது, அப்படியே கழட்டி எறிஞ்சுட்டு அந்த எடையில ஏஏ கன் வெச்சாங்க. ஃபிஜி வகையில கடைசியா கட்டின சிலோன், நியூஃபவுண்ட்லாந்து, உகாண்டா எல்லாம் ஆரம்பத்துல இருந்தே மூணு டரெட்தான். நம்ம கடற்படைக்கு வந்த ரெண்டு க்ரூசரையும் பாருங்களேன். ஐஎன்எஸ் மைசூர், பழைய நைஜீரியா, 9 கன்னோடதான் வந்துச்சு. ஐஎன்எஸ் டெல்லி, பழைய அக்கிலீஸ், எட்டு கன் கப்பல் ஆறு கன்னோட வந்துச்சு.

அக்கிலீஸ் கதை இந்தத் திரிக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், சொல்லிடறேன். 1943 ஜனவரி 5, சாலமன் தீவுகள் பக்கம், முண்டாங்கற ஜப்பான் விமானத் தளத்தைக் குண்டடிச்சுட்டு திரும்பற க்ரூசர் கூட்டத்து மேல ஜப்பான் டைவ் பாம்பர் பாயுது. அக்கிலீஸோட எக்ஸ் டரெட் மேலயே குண்டு விழுந்து உள்ள இருந்தவங்க செத்துப் போனாங்க. ரிப்பேருக்கு இங்கிலாந்து போனப்ப அந்த டரெட்டைத் திரும்ப வெக்கல, அந்த இடத்துக்கு ஏஏ கன் வந்துச்சு. அதே தாக்குதல்ல பக்கத்துல வந்த ஹெலினாங்கற அமெரிக்க லைட் க்ரூசர், மூக்குல குட்டி ரேடியோ வெச்ச ப்ராக்ஸிமிட்டி ஃபியூஸ் குண்டால ஒரு டைவ் பாம்பரை வீழ்த்துச்சு, அந்த ஃபியூஸ் சண்டையில முதல் தடவை பலிச்சது அன்னிக்குத்தான். அதுவரைக்கும் குண்டு எத்தனை செகண்டுல வெடிக்கணும்னு முன்கூட்டி திருகி வெச்சு அனுப்பணும், தூரம் கொஞ்சம் தப்பினா எங்கயோ வெடிக்கும். ஒரே அரை மணிக்குள்ள ஒரு கப்பல் டரெட்டை இழந்ததும் இன்னொரு கப்பல் வழியைக் காட்டினதும், படிக்கறப்ப எனக்கு எப்பவும் ஒரு மாதிரி ஆயிடும். உங்க 1937 ஆளுங்களுக்கு அந்த ஃபியூஸ் கிடையாது, அதனால இன்னும் டைரக்டரைத்தான் நம்பணும்.


பழைய_டர்பைன்:

டரெட் கணக்கு நான் போட்டுத் தர்றேன். ட்ரிபிள் ஆறு இன்ச் டரெட் ஒண்ணு 170, 180 டன். கன்னுக்கு 200 குண்டு வீதம் மூணு கன்னுக்கு 600, ஒண்ணு 51 கிலோ, அது 30 டன். கார்டைட் (குண்டைத் தள்ளற வெடிமருந்து), பார்பெட் கவசம், குண்டு தூக்கற மெஷின் எல்லாம் சேந்து 250 டன் மிச்சம். அதுவும் எக்ஸ் டரெட்ங்கறது டெக்குக்கு ஒரு மாடி மேல நிக்கற ஜென்மம், அதை எடுத்தா ஸ்டெபிலிட்டிக்கு ரெட்டை லாபம்.

வேகத்தைக் கொஞ்சம் விடுங்க. குதிரைசக்தி வேகத்தோட கனத்துல (வேகம் × வேகம் × வேகம்) போகும், 33ல இருந்து 31க்கு வந்தா 17 சதவீதம் குறையும், 80,000க்குப் பதிலா 66,000 போதும். ஒரு குதிரைசக்திக்கு மெஷினரி 18 கிலோன்னு பாத்தா 250 டன். டைவ் பாம்பர்கிட்ட இருந்து 33 நாட்லயும் ஓட முடியாது 31லயும் ஓட முடியாது, அது வேற விஷயம். ஆனா பாய்லர் ரூம், இன்ஜின் ரூம் மாத்தி மாத்தி வைங்க, ரெண்டு பாய்லர் ரூமையும் ஒண்ணா ஒட்டி வெச்சா ஒரே அடியில கப்பல் நின்னுடும். லியாண்டர் வகையில முதல்ல ஒட்டி வெச்சாங்க, ஒரே புகைபோக்கி. பின்னாடி வந்த பெர்த், சிட்னி, ஹோபார்ட்ல பிரிச்சு வெச்சாங்க, அதனாலதான் அதுங்களுக்கு ரெண்டு புகைபோக்கி.

பெல்ட்டை 100க்கு இறக்குங்க. டெக் 75ங்கறது குண்டு ரூம் மேல மட்டும், மெஷினரி மேல 50 போதும். பக்கத்துல தண்ணியில விழற குண்டுக்கு டெக்கும் உதவாது பெல்ட்டும் உதவாது, அடிப்பாகம் பிளந்துக்கும், அதுக்கு நிறைய குறுக்குச் சுவரும் பம்ப்பும்தான் மருந்து. அந்த மிச்ச எடையில கொஞ்சம் அங்க போடுங்க.

அகலம் 18.4 ஆக்குங்க. 40 சென்டிமீட்டர் கூட்டினா ஜி.எம். 20 சென்டிமீட்டருக்கு மேல ஏறும், வேகத்துல பெருசா அடி இல்ல. ரொம்ப ஏத்தாதீங்க, ஜி.எம். அதிகமானா கப்பல் வெடுக்வெடுக்னு ஆடும், கன்காரன் குறி வெக்க முடியாம திட்டுவான்.


கடல்நாரை:

போட்டுட்டு வந்துட்டேன். பெல்ட்ல 157 டன், டெக்ல 200, டரெட்ல 250, மெஷினரியில 250, விமானம் கேட்டபுல்ட் க்ரேன் எல்லாம் தூக்கினதுல ஒரு 60. மொத்தம் 900க்கு மேல குறைஞ்சு 8,200ல நிக்குது, இன்னும் 200 டன் ஒப்பந்தத்துக்கு மேலதான். இப்ப 9 ஆறு இன்ச், 8 நாலு இன்ச், நாலு போஃபர்ஸ் (அதுல ரெண்டு எக்ஸ் டரெட் இருந்த இடத்துல), மூணு டைரக்டர். ஸ்டெபிலிட்டி எச்சரிக்கை போயிடுச்சு!! எண்ணெய் தீர்ந்த கண்டிஷன்லயும் பாத்துட்டேன்.

விமானம் நிறுத்தற ஹாங்கர் காலியா கிடக்குது, அங்க ரேடார் ரூம் வெக்கலாம்னு இருக்கேன்.


பழைய_டர்பைன்:

200 டன்னுக்கு யாரும் தூக்குல போட மாட்டாங்க. ஃபிஜியே கட்டி முடிக்கறப்ப 8,000ஐத் தாண்டிடுச்சு, மொகாமி க்ரூசரை 8,500னு அறிவிச்சுட்டு ஜப்பான்காரன் என்ன கட்டினான்னு உலகத்துக்கே தெரியும்.

ஹாங்கர்ல ரேடார் வேண்டாம், 1937ல அது உங்க கையில இருக்காது, பின்னாடி வந்தாலும் அது பிரிட்ஜ் பக்கம் இருக்கணும். குவாட் போஃபர்ஸ் ஒண்ணுக்கு 11 பேர், நாலுக்கு 44, ஓர்லிகான், டைரக்டர், குண்டு தூக்கறவன்னு சேத்தா நூறு பேருக்கு மேல ஏத்தியிருக்கீங்க, ஒருத்தனுக்கும் படுக்கற இடம் வரையல. ஹாங்கர்ல அவங்களைப் படுக்க விடுங்க.